ஹேமலதா டீச்சரின் கடைசி வரி

"யாரு முதல்ல தீருவா? அதை மட்டும் சொல்லு."

சுண்ணக்கட்டியால் கரும்பலகையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஹேமலதா டீச்சர் வகுப்பைத் திரும்பிப் பார்க்கிறார். பலகையில் ஒரு பக்கம் ஐம்பது கிராம் சுண்ணாம்புக்கல், மறுபக்கம் இருபத்தொன்பது புள்ளி இரண்டு கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "கல்லு டீச்சர். கல்லு அரை மோல்தான் இருக்கு. ஆசிட்டு பாயிண்ட் எட்டு மோல் இருக்கு" என்கிறாள். வருஷா வருஷம் பதினோராம் வகுப்பில் இந்தக் கணக்கில் இந்த இடத்தில் இந்தப் பிசகு விழும். டீச்சருக்கு அதில் அலுப்பே கிடையாது. "கையில எம்புட்டு இருக்குன்னு பாக்காத. ஒரு கல்லு எத்தனை ஆசிட்டு கேக்குதுன்னு பாரு" என்கிறார். அந்தப் பெண் பலகையிலிருக்கும் சமன்பாட்டை உதட்டுக்குள் படித்து, "ரெண்டு கேக்குது. அப்ப ஆசிட்டுதான் பத்தாது" என்று சொல்லிவிட்டு உட்காருகிறாள்.

பாடப்புத்தகம் அதற்கு வினைக் கட்டுப்பாட்டுக் காரணி என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறது. டீச்சருக்கு அது 'முதல்ல தீர்றவன்'. இரண்டு பொருளில் எது முதலில் தீர்ந்துபோகிறதோ அதுதான் எவ்வளவு வாயு கிளம்பும் என்பதை முடிவு செய்யும். இந்தக் கணக்கில் எட்டு புள்ளி ஒன்பது ஆறு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. மற்ற வகுப்புகளில் இத்தோடு அடிக்கோடு போட்டுப் பேனாவை மூடிவிடலாம். இவர் வகுப்பில் மூட முடியாது.

"மோலுக்கு இருபத்திரண்டு புள்ளி நாலு லிட்டருங்கிறது பூஜ்ஜியம் டிகிரிக்கு. அருப்புக்கோட்டையில பூஜ்ஜியம் டிகிரி எந்தக் காலத்துல வந்துச்சு? நம்ம ஊரு வெயிலுக்கு மாத்து."

மாற்றினால் பத்து லிட்டரைத் தாண்டுகிறது. அதோடும் விடமாட்டார். கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்வார்: இந்த வாயு எங்கே போகும்? எந்தத் தேர்விலும் கேட்காத வரி, மதிப்பெண் கிடையாது. பையன்கள் குறும்பாக, 'ஜன்னல் வழியே கிளம்பிப் பரளச்சிப் பக்கம் போய்விடும்' என்று எழுதி வைப்பார்கள். டீச்சர் சிரிக்காமல் அதற்கும் ஒரு 'சரி' போட்டுக் கொடுப்பார். ஒன்றுமே எழுதாதவனைத்தான் எழுப்பி நிறுத்துவார்.

இடது கைக்காரர். எழுதியது முழங்கை பட்டு அழிந்துவிடாமலிருக்கப் பலகையிலிருந்து ஓரடி விலகி, யாரோ எழுதியதைத் தான் எட்டிப் பார்ப்பவர் மாதிரி நின்று எழுதுவார். கஞ்சி போட்ட நூல் சேலை. துண்டு சுண்ணக்கட்டிகளைப் போட்டுவைக்க ஒரு பழைய தைல டப்பா. ஒரு சமன்பாட்டில் வாயு வெளியேறினால் அதன் பக்கத்தில் மேல் நோக்கி ஓர் அம்புக்குறி போடுவது வழக்கம். அந்த அம்புக்குறியை மட்டும் டீச்சர் போடுவதில்லை. அந்த இடம் வந்ததும் கை நிற்கும். முன் பெஞ்சில் யாரையாவது கூப்பிட்டு, "நீ வந்து போடு" என்பார். பிள்ளைகள் இதைத் தங்களுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் வீடு. கணவர் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். அந்தக் குடும்பத்துக்கு எம்.எஸ்ஸி. வேதியியல் படித்த மருமகள் வந்தது அந்தத் தெருவுக்கே வந்தது போலத்தான். கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு படிகாரம் போடலாம், எவர்சில்வர் பாத்திரத்தில் விழுந்த கறையை எதைப் போட்டு எடுப்பது என்று சகலத்துக்கும் ஆள் வருவார்கள். டீச்சர் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொல்லி அனுப்புவார். கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அது தன்னுடைய பெருமை என்று அந்த நாளில் நினைத்திருந்தார்.

அதிகமாகக் கேட்பவன் கணவரின் தம்பி முனீஸ்வரன். சாயப்பட்டறையில் நூலை வெளுத்துச் சாயம் ஏற்றுகிற வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டவன், ஆனால் வாய் மூடாமல் பேசுவான். நடக்கும்போது பேசுவான், சாப்பிடும்போது பேசுவான், தூங்கும்போதும் பேசுவதாக அவன் மனைவி சுகப்பிரியா சொல்வாள். "வதினா, இத்தனை கட்டு நூலுக்கு எம்புட்டு சோடா? எம்புட்டு உப்பு?" என்று பட்டறையில் தனியே ஒதுங்கி நின்று தெலுங்கில் போன் செய்வான். வதினா என்றால் அண்ணி. இவர் சொன்ன அளவில் போட்டால் சாயம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் பிடிக்கிறது என்று மற்ற பட்டறைக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். "எங்க வதினா கணக்கு பிசகாது" என்பது அவன் வாயில் எந்நேரமும் இருந்த வாசகம்.

வகுப்பில் அந்த நாட்களில் டீச்சருக்கு வேறொரு வாசகம் இருந்தது. "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது. அதிகப்பிரசங்கித்தனத்துக்கு மார்க்கு கிடையாது." பழைய மாணவர்கள் கடைத்தெருவில் பார்த்தால் இன்னும் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேகமாகக் கடந்து போவார்.

நான்கு வருஷத்துக்கு முந்திய சித்திரை. மூன்றாவது கோடையாகக் கண்மாய் வெடித்துக் கிடந்தது. பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பி ஓடின. நூலை வெளுக்கத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவைப்பார்கள். பிறகு அந்தக் கரைசலைத் திறந்துவிட்டு, நல்ல தண்ணீரில் நான்கைந்து அலசு அலசி, கடைசியில் லேசான அமிலத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அன்றைக்கு லாரி வரவில்லை. நூல் தொட்டியில் கிடக்கிறது, அலசத் தண்ணீரில்லை, அப்படியே விட்டால் நூல் இற்றுப்போகும். பட்டறைக்காரர் ரத்தினம், "அலசாமலே ஆசிட்டை ஊத்தி முறிச்சிர முடியாதா?" என்று கேட்டார். முடியும் என்றுதான் முனீஸ்வரன் நினைத்தான். அளவு தெரிய வேண்டும். அளவு சொல்லத்தான் வதினா இருக்கிறாரே.

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்திருந்தார். போன் அடித்தது.

"டீச்சரம்மா, ஒரு கணக்கு."

பக்கத்தில் ஆட்கள் இருந்தால் அவன் தெலுங்கு பேசமாட்டான். அதனால் தமிழில் பேசினான், விளையாட்டாக டீச்சரம்மா என்றும் கூப்பிட்டான். அதை நினைத்து நினைத்து டீச்சர் இன்றும் குமைகிறார். தெலுங்கில் 'வதினா' என்று கூப்பிட்டிருந்தால், சாப்பிட்டாயா, என்ன வேலை நடக்கிறது, எதற்குக் கேட்கிறாய் என்று நாலு வார்த்தை பேசியிருப்பார். தமிழில் கணக்கு என்று கேட்டதும் அவருக்குள் இருந்த டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இம்புட்டு பிளீச்சிங் பவுடர் இருக்குன்னு வச்சுக்கங்க. அது பொட்டு மிச்சமில்லாம தீரணும்னா எம்புட்டு ஆசிட்டு வேணும்?"

"ரெண்டுமே மிச்சமில்லாமலா?"

"ரெண்டுமே. சுத்தமா."

ஒன்றுக்கு இரண்டு என்கிற கணக்குதான். டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் ஓரத்தில் சமன்பாட்டை எழுதினார். வலது பக்கத்தில் குளோரின் வந்தது. அதன் பக்கத்தில் பழக்கத்தில் கை தானாக அம்புக்குறியையும் போட்டது. போட்டார், பார்த்தார், அளவைச் சொன்னார். "அம்புட்டுத்தானா?" என்று அவன் கேட்டான். "அம்புட்டுத்தான்" என்றார். எவ்வளவு வாயு வரும் என்று அவன் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. போனை வைத்துவிட்டு எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டு முடித்தார். செய்தித்தாளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

அன்று காற்று சுழற்றி அடித்தது. கரிசல் தூசி வெள்ளை நூலில் படியக்கூடாது என்று பட்டறையில் இரண்டு பக்க ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள். முனீஸ்வரன் கேனைச் சாய்த்து ஊற்றினான், அளவு பிசகாமல். முதலில் நுரைத்தது. பிறகு தொட்டியின் மேல் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ ஒன்று புரண்டு எழும்பி, எழும்பிய வேகத்தில் கீழே இறங்கித் தரையோடு படர்ந்தது. தரையில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினார்கள். அவன் அவர்களை இழுத்துக்கொண்டு ஷட்டரைத் தூக்கினான், அது பாதியில் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரையும் அடியில் தள்ளிவிட்டான். மூன்றாவது ஆளாக அவன் வெளியே வந்தபோது நுரையும் ரத்தமுமாக வாந்தி எடுத்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தான். வாயில் குழாய் போட்டிருந்ததால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான். ரத்தினம் நல்ல மனிதர்தான். வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்று கையைக் கூப்பினார். "நானா ஊத்தச் சொல்லலம்மா. பெரிய படிப்பு படிச்ச உங்களைக் கேட்டுட்டுத்தான் ஊத்துனான். நீங்களே சரின்னுட்டீங்கன்னு சொன்னான்." குற்றம் சாட்டவில்லை அவர். நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற சுகப்பிரியாவுக்கு அது அப்போதுதான் தெரியும். டீச்சர் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்கு நீங்க போனை எடுக்காம இருந்திருக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. டீச்சருக்குக் காபி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

காபியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில்தான் டீச்சர் மீதிக் கணக்கைப் போட்டார். போட வேண்டும் என்று போடவில்லை, அது தானாகவே ஓடியது. இத்தனை பிளீச்சிங் பவுடர், இத்தனை மோல், இத்தனை லிட்டர். பூஜ்ஜியம் டிகிரிக்கு அவ்வளவு என்றால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதைவிட அதிகம். பட்டறையின் நீளம், அகலம். வந்த விடையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. அன்றைக்கு டிபன் டப்பாவை மூடுகிற நேரத்துக்குள் போட்டிருக்கக்கூடிய கணக்குதான் அது.

உயிர் தப்பியது. நுரையீரல் பாதிதான் மிஞ்சியது என்றார் டாக்டர். தூசி கூடாது, புகை கூடாது, பட்டறைப் பக்கமே போகக்கூடாது. சுகப்பிரியாவின் பிறந்த ஊரான திருச்சுழிக்குக் குடிபோனார்கள். அங்கே பஸ் ஸ்டாப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கடை. பொத்தான், நூல்கண்டு, ஊசி, போனுக்கு ரீசார்ஜ். முனீஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் எட்டி எடுக்கிற மாதிரி சுகப்பிரியா சாமான்களை அடுக்கி வைத்திருக்கிறாள். உட்கார்ந்திருக்கும்போது அவன் பழைய மாதிரியே பேசுகிறான். எழுந்து நடந்தால் பேச்சு நின்றுவிடும்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி அங்கே போய்விடுவார். முதல் வருஷம் முழுக்க அவனிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றே போனார். ஒவ்வொரு முறையும் முறுக்கும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு ஞாயிறு சுகப்பிரியா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் துணிந்து ஆரம்பித்தார், தெலுங்கில். வாயு வரும் என்று தனக்குத் தெரியும் என்றார். எழுதிப் பார்த்ததாகவும், அம்புக்குறிகூடப் போட்டதாகவும், அவன் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் விட்டதாகவும், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காதது தன்னுடைய தப்பு என்றும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

முனீஸ்வரன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்தான். "அட, என்ன வதினா நீங்க. நீங்க சொன்ன கணக்கு சரியாத்தான இருந்துச்சு. மறுநா போயி ரத்தினம் தொட்டியைப் பாத்துருக்காரு. பிளீச்சிங்கும் இல்ல, ஆசிட்டும் இல்ல. பொட்டு மிச்சமில்லையாம். நூலு அப்பிடி வெளுத்துருந்துச்சாம். ஷட்டரைத் தூக்கிட்டு ஊத்திருக்கணும், அது எம் புத்திக்கு எட்டல. கணக்குல என்னா பிசகு?" இதைத் தமிழில் சொன்னான். கடை வாசலில் நூல்கண்டு வாங்க ஓர் அம்மாள் வந்து நின்றிருந்தார். அவரிடமும் திரும்பி, "எங்க வதினா. அருப்புக்கோட்டையில பெரிய டீச்சர். கணக்குல இவுகளை மிஞ்ச ஆளு கிடையாது" என்றான்.

அதற்குப் பிறகு டீச்சர் அவனிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பட்டறைக்கு ஒரு தடவை போனார். கூரை ஓரத்தில் புகை உறிஞ்சும் மின்விசிறி ஒன்று மாட்டியிருப்பதை ரத்தினம் கூட்டிப்போய்க் காட்டினார். விசிறியின் வாயில் சாக்கு கட்டியிருந்தது. "காத்தடிக்கிற காலம்மா. தூசி உள்ள வந்தா நூலு கறுத்துரும்" என்று தலையைச் சொறிந்தார். டீச்சர் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தினம் ஆளைக் கூப்பிட்டுச் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். தான் கிளம்பி வந்த பிறகு திரும்பக் கட்டினார்களா என்று டீச்சருக்குத் தெரியாது. ஒருநாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறார், போகவில்லை.

பள்ளியிலும் ஒரு முயற்சி செய்தார். திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் முறை அவருக்கு வந்தபோது, வாயுப் பருமன் கணக்குக்குக் கீழே தன்னுடைய வரியையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டார். தலைமையாசிரியை அதைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார். "டீச்சர், இது பாடத்துல இல்லையே. பிள்ளைங்க குழம்பிரும். கேட்டதுக்கு மட்டும் எழுதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?" அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டீச்சர் வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

இப்போது தெருவில் யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் வருவதில்லை. "எதுக்குக் கேக்குறீங்க? எங்க வச்சு செய்யப் போறீங்க? கூட யாரு இருப்பா?" என்று வரிசையாகக் கேட்கிறார். டீச்சருக்கு வயசாகிக்கொண்டு வருகிறது, பேச்சு கூடிப்போயிற்று என்று தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் இப்போது போனில் தேடிப் பார்த்துக்கொள்கிறார்கள். படிகாரத்துக்குக்கூட ஆள் வருவது குறைந்துவிட்டது.

போன ஞாயிறும் திருச்சுழிக்குப் போயிருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது முனீஸ்வரன் ஸ்டூலிலிருந்து இறங்கி, "நானும் வாரேன் வதினா, பஸ்ஸேத்தி விட்டுட்டு வாரேன்" என்றான். வேண்டாம் என்று சுகப்பிரியா தடுத்தாள். கேட்கவில்லை. முதல் கொஞ்ச தூரம் யாரோ ஒரு வாடிக்கையாளர் பொத்தானைத் திருப்பிக் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தான். பாதி வழியில் கதை நின்றது. இன்னும் கொஞ்சம் போனதும் அவனும் நின்றான். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஏதோ செய்தி வந்த மாதிரி அதை உற்றுப் பார்த்தான். திரையில் வெளிச்சமே இல்லை. தோள்பட்டை மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

நரிக்குடியிலிருந்து வரும் பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அருப்புக்கோட்டைக்கு அடுத்த பஸ் இருட்டிய பிறகுதான். எட்டி நடந்தால் டீச்சர் பிடித்துவிடலாம்.

"இரு முனீஸ், செருப்பு வாரு கழண்டுருச்சு" என்று சொல்லி டீச்சர் ரோட்டோரத்தில் குனிந்தார். வார் நன்றாகத்தான் மாட்டியிருந்தது. அதைக் கழற்றினார். கொக்கியை ஓட்டையில் மாட்டினார், திரும்பவும் எடுத்தார், வேறு ஓட்டையில் மாட்டிப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி இந்தப் பக்கம் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். புழுதி அடங்கிய பிறகும் டீச்சர் நிமிரவில்லை. மேலே அவனுடைய மூச்சு சீராகும் வரை, குனிந்த தலையோடு, வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.